பகல் தூக்கம்

என் கணவர் வாய் நிறையக் கொட்டாவி விட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஊரில்தான். சதுக்கத்தின் நடுவே குதிரைமேல் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு ராஜாவின் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு, ராஜாவை அண்ணாந்து பார்க்கிற சாக்கில் ஒரு கொட்டாவி. தாடை கழன்றுவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. "தூக்கம் வருதா?" என்றேன். "சேச்சே. சிலை உயரம் ஜாஸ்தி, அதான் வாய் தானாத் தொறந்துக்குது" என்றார். பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். பெண்டாட்டியோடு சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசிப் பழகாத மனிதருக்கு அது எங்கிருந்து வரும்?

விஷயம் இதுதான். அவருக்குச் செய்தித்தாள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்ட். ஊர் படுக்கப் போகும்போது மெஷினை ஓட்ட ஆரம்பித்து, ஊர் எழுந்திருக்கும்போது நகக்கண்ணில் மையோடு வீட்டுக்கு வருவார். எனக்கு ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மேஜை, பகல் வேலை. காலையில் அவர் வந்து படுக்க நான் வெளியே போக, ராத்திரி நான் வர அவர் வெளியே போக, நிலைப்படிதான் எங்கள் சந்திப்பு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, அவருக்கு வாரத்தின் நடுவில் ஏதோ ஒரு நாள். அந்த நாளிலும் பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும், உடம்பு ஒரு தடவை பழக்கம் மாறினால் திரும்ப வழிக்கு வராது என்பார். இப்படி இருந்தும் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று அவருடைய அக்கா ஒரு கல்யாண வீட்டில் சத்தமாகவே கேட்டாள். "பிரஸ்ஸுக்கும் வருஷத்துல நாலு நாள் லீவு உண்டு அண்ணி" என்று சொன்னேன். பந்தியே சிரித்தது.

சிரிப்பெல்லாம் சரி, வீட்டில் பகலில் ஓர் ஆள் தூங்கினால் மற்றவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பது வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும். நான் பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைப்பேன். பீரோவைத் திறக்காமல் இருப்பதற்காக மறுநாள் உடுத்துவதை முந்தின நாளே எடுத்து வைப்பேன். கொலுசைக் கழற்றியது மகள் பிறப்பதற்கு முன்பு. அந்தப் பெண்ணும் பாவம், லீவு நாளில் வாய்ப்பாட்டை உதட்டை மட்டும் அசைத்துத்தான் மனப்பாடம் செய்தாள். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அக்கம்பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி முட்டிக்கொண்டால் எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். சண்டை போட வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டாமா?

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. அதைக் கொண்டாடத்தான் மகளும் மருமகனும் இந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து எங்களை விமானம் ஏற்றிவிட்டார்கள். "இனிமேதான் இருக்கு உனக்கு. காலையில எழுந்தா அதே மூஞ்சி, மத்தியானம் அதே மூஞ்சி" என்று கட்டிங் மேஜையில் என்னோடு நிற்கிறவள் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ராத்திரி யோசித்தேன். ஒரு முழுப் பகல் அந்த மனிதரோடு நான் என்ன பேசுவேன்? அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பதே எனக்குத் தெரியாது. நிலைப்படியில் பிடிப்பது வேறு, நாள் முழுக்கப் பிடிப்பது வேறு. இந்தப் பயணத்தை நான் வெள்ளோட்டம் என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன்.

வெள்ளோட்டத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். காலையிலிருந்து ஒரு பாலம், ஒரு கோட்டை, ஒரு மணிக்கூண்டு பார்த்தாயிற்று. பாலத்தில் அவர் "பெருசா இருக்குல்ல?" என்றார். நான் "ஆமா, பெருசா இருக்கு" என்றேன். கோட்டையில் நான் "பழசு போல" என்றேன். அவர் "பழசுதான்" என்றார். அதற்குமேல் வண்டி ஓடவில்லை. எங்களைச் சுற்றி வயதான வெள்ளைக்காரத் தம்பதிகள் கையைக் கோத்துக்கொண்டு கொக்கரித்துச் சிரிக்கிறார்கள், ஒரே ஐஸ்கிரீமை மாறி மாறி நக்குகிறார்கள். எங்களுக்கு நடுவில் இன்னொரு குடும்பம் நடந்து போகலாம், அவ்வளவு இடைவெளி. கல் பாவிய தெரு, புதுச் செருப்பு, என் குதிகால் தோலை உரித்துவிட்டது. சொன்னால் பாவம், ஏற்கெனவே தள்ளாடுகிறவர் ஊரெல்லாம் மருந்துக்கடை தேடுவாரே என்று வாயை மூடிக்கொண்டேன். அவருக்கோ அது நடுநிசி. நடக்கிற நடையே பாதித் தூக்கத்தில் பாத்ரூம் போகிற நடை.

அடுத்தது மியூசியம். பெரிய பெரிய அறைகள், சுவர் முழுக்கப் படங்கள், நடுவில் தோல் போட்ட பெஞ்சு. பெஞ்சைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நீ பாத்துக்கிட்டே இரு, நான் இந்தப் படத்தைக் கொஞ்சம் உக்காந்து பாக்கறேன்" என்றார். அது கடலில் கப்பல் மூழ்குகிற படம். கப்பலுக்கு முன்னால் அவர் மூழ்கிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, கை முழங்கால்மேல் இருக்க, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்த தூக்கம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தோளைத் தட்டி, "வாங்க, ரூமுக்குப் போகலாம்" என்றிருக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் செய்வாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கைப்பை ஜிப்பை ஒவ்வொரு பல்லாகத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அறையை விட்டு நழுவினேன். வெளியே போய்த்தான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று போனதில் ஒரு கதவு என்னை வெளியே தள்ளி, பின்னாலேயே சாத்திக்கொண்டது. அது வெளியே போவதற்கு மட்டுமான வழியாம், திரும்பி உள்ளே விடாது. கட்டடத்தின் பின்பக்கத் தெருவில் நிற்கிறேன். டிக்கெட் இரண்டும் அவர் சட்டைப்பையில். மருமகன் அவர் போனில் மட்டும்தான் அந்த நாட்டு சிம் போட்டுக் கொடுத்திருந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே அத்தை இருக்கப் போறீங்க, எதுக்கு ரெண்டு?" என்றிருந்தார். மகராசன். பாஷை தெரியாத ஊரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பளையை யார் நம்புவார்கள்?

கதவைத் தட்டு தட்டென்று தட்டினேன். காவலுக்கு இருந்த ஒரு பருமனான அம்மாள் எட்டிப் பார்த்தாள். நான் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினேன். பிறகு மீசை வரைந்து காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லா ஊரிலும் புருஷன்கள் தூங்குவார்கள் போலிருக்கிறது. தன் போனைக் கொடுத்தாள், மருமகன் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த அவர் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். பகலில் அவர் போன் என்றைக்குமே ஊமை, நானே எத்தனையோ நாள் எடுத்து ஊமையாக்கி வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கப்பல் படம் வரைக்கும் கூட்டிப் போனாள். பெஞ்சு காலி. தண்ணீர் பாட்டிலும் இல்லை. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். எங்கே போயிருப்பார்? அவருக்குப் பயம் வந்தால் என்ன செய்வார், யாரைக் கூப்பிடுவார், இடது பக்கம் திரும்புகிறவரா வலது பக்கமா? ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்தாயிற்று, கட்டின மனுஷன் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னடி வாழ்ந்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். தூங்கி எழுந்தால் என்ன செய்வார்? அது மட்டும் தெரியும். முகம் கழுவுவார். தலையை வாருவார். வாசல் கதவைத் திறந்து வைத்து, நாற்காலியைப் போட்டுத் தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் வேலை விட்டு வரும்போது தினமும் அப்படித்தான் இருப்பார். நான் எழுந்து முன்வாசலைப் பார்க்க ஓடினேன்.

இருந்தார். மியூசியத்தின் அகலமான படிக்கட்டில், நடுப்படியில், முகம் கழுவி, ஈரத்தோடு தலை வாரி, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளேயிருந்துதான் வர முடியும் என்ற யோசனையே இல்லாமல் தெருவில் போகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சந்தலையில் முடி உதிர்ந்து உள்ளங்கையளவு வழுக்கை. வெயிலில் பளபளத்தது. இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் போய் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"எங்க போன?" என்றார். "கண்ணு முழிச்சேன், ஆளக் காணோம். சரி, நீ வேலைக்குப் போயிருப்பன்னு மூஞ்சி கழுவிட்டு வந்து உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் இது வேற ஊருன்னே உறைச்சுது. அப்புறம் எந்திரிக்கப் பயமாயிடுச்சு. நான் தேடப் போயி, நீ வந்து பாக்கறப்ப நான் இல்லாம இருந்துட்டா?"

"போனை எடுக்கறதுக்கு என்ன?"

எடுத்துப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த நொடியே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "நீ எழுப்பியிருக்கலாம்ல? ஒரு தட்டு தட்டினா எழுந்திருக்க மாட்டேனா?"

"எழுப்பிப் பழக்கமில்லையே!" நான் கத்தியே விட்டேன். "உங்களுக்காக நடந்து நடந்து என் காலே பூனைக் காலாப் போச்சு. இங்ககூடச் செருப்பைக் கழட்டிக்கிட்டுத்தான் போனேன். எல்லாம் உங்க தூக்கத்துக்காக! என்னைக்காவது நல்லாத் தூங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா?" படியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் தன் நகக்கண்ணில் இருந்த மையைச் சுரண்டினார். "நான் என்னைக்குத் தூங்கினேன்?" என்றார். "நீ கதவைச் சாத்திக்கிட்டுப் போற வரைக்கும் ஒரு நாளும் தூங்கினதில்ல. சீப்பை வைக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்குவ. தும்மல் வந்தா வெளியில ஓடிப் போயித் தும்முவ. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன்."

"அப்ப ஏன் கண்ணைத் தொறக்கல?"

"ஒருத்தி அவ்வளவு பாடுபட்டுச் சத்தமில்லாம இருக்கா. முழிச்சுத்தான் இருக்கேன்னு தெரிஞ்சா உனக்கு எப்படி இருக்கும்?" தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். திறக்கப்படாமலே இருந்தது. "இன்னைக்குத்தான் நெசமாவே தூங்கிட்டேன். நீ எங்கயும் போக மாட்டேங்கற தைரியம்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே, இதைச் சொல்ல இத்தனை காலமா என்று ஆத்திரமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் குதிகாலைக் காட்டி, "செருப்பு கடிச்சிருச்சு" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "காலையிலேர்ந்தா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று திட்டினார். திட்டு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. பொழுது சாயச் சாய அவருக்குத் தெம்பு வந்துவிட்டது, அதுதானே அவருக்கு விடிகிற நேரம். கடையைப் பார், விளக்கைப் பார் என்று ஓயாமல் பேசினார். எனக்கோ கண் செருகியது. "நீ தூங்கு. பச்சை விளக்குப் போட்ட மருந்துக்கடை வந்ததும் நம்ம ஸ்டாப். நான் எழுப்பறேன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கினேன் என்றா நினைக்கிறீர்கள்? எப்படி எழுப்புவார் என்று பார்க்க வேண்டாமா? தோளைப் பிடித்து உலுக்குவாரா, காதுக்குப் பக்கத்தில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாரா? உள்ளே நெஞ்சு புதுப் பெண்ணுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது.

பஸ் வேகம் குறைந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். அரைக்கண்ணால் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கை என் தோளுக்கு மேலே வந்து நின்றது, இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்கப் போகிறவர் கை மாதிரி. தொடப் போனது, விலகியது, மறுபடி வந்தது. பச்சை வெளிச்சம் எங்கள் இரண்டு பேர்மேலும் விழுந்தது. கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள். கதவு மூடியது. பஸ் கிளம்பியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை நன்றாக இறுக்கி மூடிக்கொண்டேன். பஸ் எங்கள் இருவருக்குமே தெரியாத தெருக்களுக்குள் போய்க்கொண்டிருந்தது.