நாற்பத்தெட்டு மீட்டர்

கெட்டிலின் பொத்தானை அவன் அழுத்தியதும் அம்மாவின் தலைமாட்டு விளக்கு மங்கியது. குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அம்மாவின் மூச்சு நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பொத்தானை அணைத்தான், விளக்கு பளிச்சென்றது. மறுபடி அழுத்தினான், மங்கியது.

வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் ஒயர்மேன். அடுத்தவன் இழுத்த ஒயரை நொட்டை சொல்வதில் அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. "இவ்வளவு தூரத்துக்கு இந்த நூலையா இழுத்தான்? பாதி வோல்டேஜை வழியிலேயே தின்னுடுமே" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டு, மாலையில் அதை அம்மாவிடமும் ஒருமுறை சொல்வான். அம்மா ரசித்துக் கேட்பாள்.

இந்த அறைக்கு ஒயர் இழுத்தவன் அவனேதான்.

"எங்கடா போறே? தண்ணி?" என்றாள் அக்கா.

"வர்றேன்."

கொல்லையைக் கடந்து, வாசல் பக்கம் இருந்த மெயின் போர்டுக்குப் போய் மூடியைத் திறந்தான். உள்பக்கம் பென்சிலில் அவன் கையெழுத்து இருந்தது. 48 மீட்டர். 11 ஆம்பியர். ஒன்றரை ஸ்கொயர் ஒயர். இழப்பு ஆறரை வோல்ட். சரி.

இரண்டு மாதம் முன்பு எழுதியது. ஆக்சிஜன் மெஷினோடு அம்மாவை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படி ஏற முடியாதவளுக்குக் கொல்லை அறைதான் தோது. மெஷினும் குளிருக்கு வைத்த ஹீட்டரும் சேர்ந்து பதினொரு ஆம்பியர். டேப்பைப் பிடித்துக்கொண்டு அவசரமாக நடந்தான். நாற்பத்தெட்டு வந்தது. அதையே எழுதினான்.

கரண்ட் ஓர் ஒயரில் போய் இன்னோர் ஒயரில் திரும்பி வருகிறது. போகிற தூரத்தோடு வருகிற தூரத்தையும் கூட்ட வேண்டும். ஊரார் வீட்டுக்கென்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டால் பெருக்கிச் சொல்கிறவன், அம்மாவுக்குப் போகிற தூரத்தை மட்டும் கணக்குப் போட்டிருந்தான். ஆறரை அல்ல, பதின்மூன்று.

மூச்சுக்கு வைத்த மெஷின். வோல்டேஜ் குறைந்தால் அது நின்றுவிடும் என்று உள்ளே ஓடினான்.

மனைவி சமையலறையில் வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் அலாரம் எப்பவாவது கத்துச்சா?"

அவள் துணியைவிட்டுத் தலை தூக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு."

"ஹீட்டர் போட்டா கத்தும். சாயங்காலம் கரண்ட் கம்மியா வர்ற நேரத்துல. முதல் வாரம் மூணு தடவை. அப்புறம் அத்தை ஹீட்டரையே போட விடலை. மெஷின் மட்டும் ஓடினா ஒண்ணும் ஆகலைங்க. இன்னிக்கு விடியற வரைக்கும் நிக்காம ஓடுச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

அவன் சுவரில் சாய்ந்தான். அம்மாவை அவன் கொல்லவில்லை. நிம்மதி வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"ரெண்டு மாசமா ஹீட்டர் இல்லாமயா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லாதேன்னாங்க. 'ஊர்ல எல்லாரையும் நொட்டை சொல்லிட்டு வர்ற பிள்ளை. தெரிஞ்சா முகம் சுண்டிப்போகும். யானைக்கும் அடி சறுக்கும், விடு'ன்னாங்க." அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்ன பண்றது?"

தினமும் வேலை முடிந்து வந்ததும் கேட்பான், ஏம்மா ஹீட்டர் போடலை என்று. தோல் வறளுதுடா என்பாள். அவனுடைய பழைய ஸ்வெட்டர் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "பாரு, முட்டைக்கோஸ் மாதிரி இருக்கேன்" என்பாள். அவனும் சிரிப்பான். அவள் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்ப்பான். எவ்வளவு தேய்த்தாலும் சில்லென்றே இருக்கும். நோவு அப்படி என்று நினைத்துக்கொண்டான். எத்தனை வீட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்து என்ன குறை என்று சொன்னவன் அவன்.

வண்டியிலிருந்து நாலு ஸ்கொயர் ஒயர் சுருளை எடுத்து வந்தான். பென்சிலால் 48-ஐ அடித்துவிட்டு 96 என்று எழுதினான். இழப்பு ஐந்து வோல்ட்டுக்குள் வந்தது. மெயினை அணைத்து, புது ஒயரைப் போர்டில் முடுக்கி, பழைய ஒயர் போன வழியிலேயே தரையில் விரித்துக்கொண்டு போனான். துக்கத்துக்கு வந்தவர்கள் காலை விலக்கி வழிவிட்டார்கள்.

"இப்ப எதுக்குப்பா இந்த வேலை?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவன் ஒயரைப் பிரித்துக்கொண்டே போனான். அறையில் புது சாக்கெட்டைப் பொருத்திவிட்டுப் போய் மெயினைப் போட்டான். திரும்பி வந்து கெட்டிலை வைத்தான். தண்ணீர் கொதித்தது. பிறகு, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடந்த ஹீட்டரை எடுத்துத் தூசி தட்டி, அம்மாவின் பக்கத்தில் வைத்துச் சுவிட்சை அழுத்தினான். கம்பிகள் மெல்லச் சிவந்தன. தலைமாட்டு விளக்கு அசையாமல் எரிந்தது.

அக்கா வெந்நீரை வாளியில் ஊற்றினாள். பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, துணி மாற்றும்வரை அவன் கதவுக்கு வெளியே நின்றான்.

கூப்பிட்டதும் உள்ளே போய் உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்தான். ஹீட்டர் பக்கம் இருந்த கை வெதுவெதுப்பாக இருந்தது.

"தூக்கலாமாடா?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்க்கா" என்றான்.