அளவெடுக்கும் மூன்று நிமிடம்

"இங்க தொட்டா தெரியுதா சாச்சா?" என்று கேட்டாள் டாக்டர் ரஃபத் ஜஹான். எங்கே தொட்டாள் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கீழுதட்டின் இடது பாதி என்னுடையதாக இல்லை. யாரோ ஒரு தடித்த எருமைத்தோல் துண்டை அங்கே ஒட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஆம்பூர் பஜாருக்குப் பின்னால், மாடியில், புதிதாகத் திறந்த கிளினிக். தோல் மண்டிக்காரர் ஷபீ அஹமதுவின் மகள் இவள். கவுன் போட்ட வயதில் மண்டியில் உப்பு மூட்டைகளின் மேல் ஏறிக் குதித்தவள். இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், என் தாடை அவள் கையில் இருந்தது.

நான் தோல் தரகன். என் அப்பாவும் தரகர். பேரணாம்பட்டிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பச்சைத்தோல் எங்கே கைமாறினாலும் நடுவில் என் குரல் இருக்கும். 'ஜெயகரன் வந்துட்டாரா?' என்று கேட்டுவிட்டுத்தான் தோலைப் பிரிப்பார்கள். கடைவாய்ப்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை போன வாரமே முடிந்துவிட்டது. இனி அதற்கு மேல் கேப் போடவேண்டும் என்றாள் ரஃபத்.

"பல்லைச் சுத்தி ராவுவேன். அப்புறம் அளவு எடுப்பேன். அது மெட்ராஸ் போயி கேப் ஆகி வர்றதுக்கு ரெண்டு வாரம். அதுவரைக்கும் டெம்பரரியா ஒண்ணு ஒட்டி அனுப்புவேன்."

"ஒரு வாரம் பண்ணும்மா."

"ரெண்டு."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பத்து நாள்."

"சாச்சா, வாயைத் திறங்க."

வாயைத் திறக்கச் சொல்லி என்னை ஒருவர் பேரத்தில் மடக்கியது அதுதான் முதல் தடவை.

ராவும்போது வலி இல்லை. சத்தம்தான். மண்டைக்குள்ளேயே ஒரு மிஷின் வைத்து ஓட்டுவதுபோல. குளம்பு கருகும் நாற்றம் ஒன்று வந்தது. அது என்னுடைய பல் என்று புரிய நேரமாயிற்று. பக்கத்து ஸ்டூலில் என் மனைவி டோரதி, என் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஷன் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட லீவு போடாதவள், இன்று ஒரு பல்லுக்கு லீவு போட்டிருந்தாள். வயதாக ஆகப் பாசம் ஜாஸ்தியாகிறது என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸுக்குப் படித்த மகள் ஜெபகனியும் கூட வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் இருந்தாள். ஸ்பிரிங் கதவுக்கு அடியில் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளை ஷூ. கண்ணாடி இல்லாவிட்டாலும் தோல் விஷயத்தில் எனக்குத் தூரப்பார்வை உண்டு. கன்றுத்தோல், நல்ல மெருகு. ஊரில் நர்ஸ்கள் போடுகிற சரக்கு இல்லை. எப்போது வாங்கினாள்?

ரஃபத் இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து, ஒரு தட்டில் நிரப்பி, கீழ்வரிசைப் பற்களின் மேல் வைத்து அழுத்தினாள். "மூணு நிமிஷம். ஆடாதீங்க, பேசாதீங்க." பிறகு டோரதியைப் பார்த்தாள். "டைம் ஸ்டார்ட், டீச்சர்."

டோரதி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, ஜெபகனிக்கு குவைத் ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு. மூணு வருஷம். சனிக்கிழமை பம்பாய்க்கு ரயில். பாஸ்போர்ட் வந்துட்ச்சி. போலீஸ்காரர் விசாரிக்க வந்தப்ப நீங்க பேரணாம்பட்டுல இருந்தீங்க."

இரண்டு வருடத்துக்கு முன்னால் டெல்லி வேலை வந்தபோது நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். குளிரைப் பற்றி, பாஷையைப் பற்றி, தனியாக இருக்கும் பெண்ணை ஊர் எப்படி எடை போடும் என்பதைப் பற்றி. நான் முடிப்பதற்குள் அவளே பெட்டியைப் பிரித்துத் துணிகளைப் பீரோவில் அடுக்கிவிட்டாள். நல்லபடியாக முடிந்த வியாபாரம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

"டெல்லிக்கு நீங்க பேசினது போதும். எனக்குக் கெடச்ச பி.டி. காலேஜ் சீட்டும் அப்படித்தான் போச்சி. வாய் அடைபடாம இருக்கும்போது உங்ககிட்ட எவளால ஒரு சேதி சொல்ல முடியும்?"

நான் கத்தினேன். தட்டு நழுவியது.

"அல்லா! அளவு கெட்டுப்போச்சு," என்று ரஃபத் அதை உருவி வெளிச்சத்தில் பார்த்தாள். "திரும்பவும் எடுக்கணும். கொப்புளிங்க."

கொப்புளித்தேன். தண்ணீர் மரத்த உதட்டோரம் தானாக வழிந்து சட்டையில் இறங்கியது. அடுத்த பசையை அவள் குழைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முப்பது வினாடி இருந்தது. ஷபீ அஹமதையே நான் முப்பது வினாடியில் மடக்கியிருக்கிறேன். "தோததி, குவைத்துல..." என்று தொடங்கினேன். வார்த்தைகள் நனைந்த தோல்போல மடிந்து விழுந்தன. நாக்கு பாதிதான் வந்தது.

"இன்னாங்க?" என்றாள் டோரதி. கேலி இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நான் சொன்னது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதற்குள் தட்டு உள்ளே போய்விட்டது.

"கேப் வர்ற அன்னிக்கு அவ அங்க டூட்டியில இருப்பா," என்றாள் டோரதி மெதுவாக.

என் மார்பில் ஒரு துண்டு விரித்திருந்தார்கள். சந்தையில் பெரிய வியாபாரத்தை வாயால் பேசமாட்டோம். துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து விலை சொல்வோம். ஒத்துக்கொண்டால் அழுத்துவது, இல்லையென்றால் உருவிக்கொள்வது. கல்யாணமான புதிதில், கூட இருந்த என் அக்காமாருக்குத் தெரியாமல் சினிமாவுக்கு முதல் ஆட்டமா, ரெண்டாவது ஆட்டமா என்று கேட்பதற்காக டோரதிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

துண்டுக்கு அடியிலிருந்து கையை நீட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கையை உள்ளே கொடுத்தாள். ஒரு விரலைப் பிடித்தேன். ஒரு வருடம்.

உருவிக்கொண்டாள். மறுபடி உள்ளே வந்த கையில் மூன்று விரல்கள் நீட்டியிருந்தன.

அதில் இரண்டை மட்டும் பிரித்துப் பிடித்தேன். அவள் அழுத்தவில்லை. உருவவும் இல்லை. சாக்பீஸ் பிடித்துக் காய்த்த விரல்கள் என் கைக்குள் அப்படியே கிடந்தன. இந்தப் பழக்கம் எந்தச் சந்தையிலும் இல்லை. இப்படி ஒரு கை கிடைத்தால் அடுத்து என்ன செய்வது என்று என் அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை.

"இன்னும் ஒரு நிமிஷம் சாச்சா," என்றாள் ரஃபத்.

பசை இறுகிக்கொண்டிருந்தது. எச்சில் எங்கே வழிகிறதென்று அது கழுத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. துடைக்க இன்னொரு கையை எடுக்கத் தோன்றவில்லை. ஸ்பிரிங் கதவுக்கு அடியில் வெள்ளை ஷூ இரண்டும் ஒருமுறை எழுந்து நின்றன, நடந்து பார்த்தன, திரும்பி வந்தன. பிறகு இரண்டு கைகள் இறங்கி வந்து, இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தன.