கட்டைவிரலுக்கு நான்கு வரிசை

ஆர்டித் லாம்பிக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கேள்விதான். தன் பின்னல் பேட்டர்னை வெளியே விடுவது யார்? மர்லிஸாக இருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. மர்லிஸாகத்தான் இருக்கும் என்று புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். அது போய்விட்டால், ஹான்காக் ஊரில் வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசிப் பின்னுவதற்கு அவளுக்கு வேறு ஆள் கிடையாது. இருந்த ஆட்களையெல்லாம் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு அவளே கழித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

எல்லாம் ஒரு தொப்பியில் ஆரம்பித்தது. ஆர்டித் கையுறை, தொப்பி இவற்றுக்குப் புதிதாகப் பேட்டர்ன், அதாவது எந்தக் கண்ணியை எப்படிப் பின்னுவது என்ற குறிப்பு, எழுதி விற்பவள். எழுதியதை விற்பதற்கு முன்னால் நாலு பேரிடம் கொடுத்துப் பின்னிப் பார்க்கச் சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். அலை அலையாகப் பட்டை வைத்த ஒரு தொப்பியை அப்படி, வியாழக்கிழமைகளில் கூடிப் பின்னும் மர்லிஸ், பெவ், டெஸ்ஸா மூன்று பேரிடம் கொடுத்திருந்தாள். இன்னும் விற்பனைக்கு வரவில்லை. கணவன் ராயை ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், முன் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் அதே தொப்பி. ஆர்டித் மேஜையை ஒட்டிப் போய் நின்றாள்.

"தொப்பி நல்லா இருக்கே" என்றாள்.

"ஆமா, ஒருத்தங்க குடுத்தாங்க. ரொம்ப வெதுவெதுப்பா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

யார் கொடுத்தது என்று ஆர்டித் கேட்கவில்லை. நேரே கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் நேரே கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

வீட்டில் எதையும் வீணாக்காதவள் ஆர்டித். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். தேவாலயத்துப் பழைய துணி விற்பனையில் ஒரு டாலருக்குக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வந்து, பிரித்து, நூலை அலசி, சுருக்கம் போக சூப் டப்பாவைக் கட்டி குளியல் தொட்டிக்கு மேல் தொங்கவிடுவாள். காபியில் மட்டும் கை தாராளம். கம்ப்யூட்டர் வாங்குவது அனாவசியம் என்பது அவள் கட்சி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுப் பென்சிலில் பேட்டர்னை எழுதிவிடுவாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த மர்லிஸ் ஓயாலா அதை டைப் செய்து, படம் சேர்த்து, விற்கிற இணையதளத்தில் ஏற்றுவாள். ஆறு வருஷமாக அப்படித்தான். ஆக, ஆர்டித்தின் பேட்டர்ன் ஒவ்வொன்றும் போய்த் திரும்பும் வழி மர்லிஸின் கைதான். இதுவே ஒரு சாட்சி இல்லையா?

அதனால் டிசம்பரில் புதுக் கையுறையை வரைந்தபோது ஆர்டித் ஒரு வேலை செய்தாள். நான்கு விரலுக்கு ஒரே அறை, கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்த, இந்தப் பக்கத்துக் கையுறை. புறங்கையில் எட்டு இதழ் நட்சத்திரம். சிவப்புப் பின்புலத்தில் வெள்ளை நூல். கட்டம் போட்ட தாளை மூன்று பிரதி எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினாள். மர்லிஸுக்கான தாளில் இடது இதழின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி அதிகம். பெவ்வுக்கான தாளில் அது வலது இதழின் அடியில். டெஸ்ஸாவுக்கு நடுவில். இனி எவள் கையில் தன் வடிவம் முளைத்தாலும், புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

ராய் காபியோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன்.

"ஒரே படத்த ஏன் மூணு தடவ போடற?"

"மூணு பேருக்கு."

"ஜெராக்ஸ் எடுத்தா பத்து சென்ட்டு தானே?"

"எனக்குக் கை இருக்கு. நீ போய் விறகப் பாரு."

மூன்று பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, தாளைக் கொடுத்து, ஒருத்தருக்கொருத்தர் காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

ஜனவரி மூன்றாவது புதன்கிழமை, பின்னி முடித்ததையும் தாள்களையும் திரும்ப வாங்கிக்கொள்ள அவளே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாமிச அடை சுட்டு விற்கும் பெவ், மாவுக் கையோடு பையை நீட்டினாள். டெஸ்ஸா முதியோர் இல்லத்தில் நர்ஸ், சின்ன வயசு. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். கடைசியாக மர்லிஸ் வீடு. மர்லிஸ் ஏலக்காய் ரொட்டி வெட்டி வைத்தாள். ஆர்டித்தின் கண் ரொட்டியில் இல்லை. ஹீட்டர் மேல் குழந்தையின் காலுறை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"யாரோடது?"

"டெஸ்ஸா பொண்ணோடது. அவளுக்கு டபுள் ஷிப்ட்டு வந்தா நான்தான் பாத்துக்கறேன். சொல்லலையா நான்?"

"சொல்லல" என்றாள் ஆர்டித். அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமாக இரண்டு கோப்பை குடிப்பவள் ஒன்றோடு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்று ஜோடியையும் சமையலறை மேஜையில் வரிசையாக வைத்தாள். பூதக்கண்ணாடியைப் பிடித்து இதழ் இதழாகப் பார்த்தாள். புள்ளி எதிலும் இல்லை. மூன்று ஜோடியும் ஒரே அச்சு. நட்சத்திரம் பிசிறில்லாமல், அவள் மனசில் முதலில் இருந்தபடியே நின்றது.

"எல்லாம் ஒழுங்கா வந்திருக்கே" என்றான் ராய். "சந்தோஷப்பட வேண்டியதுதான?"

"ஒழுங்கா வந்ததுதான் பிரச்சினை. மூணு தாள்லயும் வேற வேற தப்பு. மூணு கையுறையும் எப்படி ஒண்ணா வரும்? கூடி உக்காந்து தாள ஒப்பிட்டுப் பாத்திருக்காளுக."

"தப்பா? நீயே தப்பு வச்சியா?"

ஆர்டித் பூதக்கண்ணாடியை இழுப்பறையில் போட்டு மூடினாள். ஒருத்தி திருடி என்று நினைத்திருந்தாள். இப்போது மூன்று பேருமே கூட்டு. அந்த நினைப்பு கசந்தது. ஆனாலும், நான் நினைத்தது சரிதான் என்பதில் ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் மறைப்பானேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நூலகத்தில், ஜன்னலோர மேஜையில், மூன்று பேரும் பின்னிக்கொண்டிருந்தபோது ஆர்டித் கோட்டைக்கூடக் கழற்றாமல் கையுறைகளையும் தாள்களையும் மேஜையில் போட்டாள்.

"நீங்க மூணு பேரும் எப்போ கூடிப் பேசினீங்க?"

"எதப் பத்தி?" என்றாள் பெவ். "என் இடுப்பப் பத்தின்னா தினமும்தான்."

"விளையாடாத பெவ். உன் தாள்ல வலது பக்கம் ஒரு புள்ளி இருந்துச்சு. அது ஏன் கையுறையில வரல?"

பெவ் தாளை எடுத்துப் பார்த்தாள். "ஓ, இதுவா. பென்சில் வழுக்கிடுச்சுன்னு நெனச்சேன். இடது பக்கம் இல்லாத புள்ளி வலது பக்கம் இருக்குமா? ஒழுங்கா பின்னிட்டுப் போயிட்டேன். இதுக்குப் போய் உனக்கு ஒரு போன் போடணுமாக்கும்."

டெஸ்ஸாவின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. நான்தான் கட்டத்தத் தப்பா படிக்கிறேன்னு நெனச்சேன். உங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு, அதான் அழகா வர்ற மாதிரி போட்டுட்டேன்."

மர்லிஸ் பின்னலைக் கீழே வைத்தாள். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரலை இடது நுனியில் வைத்தாள், வலது அடியில் வைத்தாள், நடுவில் வைத்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பென்சில் வழுக்கல பெவ்" என்றாள். "மூணு பேருக்கும் மூணு எடத்துல வச்சிருக்கா. யாரு திருடறான்னு பாக்க."

பெவ்வின் ஊசி நின்றது. "எங்களையா?"

"பின்ன அந்தத் தொப்பி?" என்றாள் ஆர்டித். குரல் நினைத்ததைவிட ஓங்கிவிட்டது. "ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு தலையில என் தொப்பி எப்படி வந்துச்சு? நான் இன்னும் விக்கக்கூட ஆரம்பிக்கல."

"நான் குடுத்தேன்" என்றாள் மர்லிஸ். "எங்க வீட்டுக்காரர் கார்லுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு கூட்டிட்டு வர்றப்போ, சக்கர நாற்காலியில வண்டி வரைக்கும் தள்ளிட்டு வந்தது அந்தப் பொண்ணுதான். பனி கொட்டுது, வெறுந்தலை. என் தலையில இருந்ததக் கழட்டி மாட்டிவிட்டேன். உனக்காகப் பின்னிப் பாத்தது, என் நூல், என் தொப்பி. நீ கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

பின்வாங்கியிருக்கலாம். ஆர்டித்துக்கு அது வராது.

"சரி, அத விடு. தாள்ல தப்பு இருந்தா சொல்லணுமா இல்லையா? அதுக்குத்தானே குடுக்கறது?"

"சொல்லணும்தான். ஒரு தடவ சொன்னேன். ஆறு வருஷம் முன்னாடி, உன் மொதல் கையுறைக்கு. ரெண்டு மாசம் நீ என்கூடப் பேசல. எனக்குப் பொறாமைன்னு பெவ்கிட்ட சொன்ன."

பெவ் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுலேர்ந்து நான் உன்கிட்ட சொல்றதில்ல. டைப் பண்றப்போ திருத்திடுவேன்."

"எதத் திருத்துவ?"

"கட்டைவிரல. நீ எழுதற கட்டைவிரல் எப்பவும் நாலு வரிசை குட்டை. ஒம்பது கையுறைக்கும் நான்தான் நாலு வரிசை ஏத்தினேன்."

"அளவெடுக்காம நான் எழுதறதே இல்ல."

"உன் கையில எடுக்கற" என்றாள் மர்லிஸ்.

பெவ் தொண்டையைக் கனைத்தாள். "நானும் நாலு ஏத்தித்தான் பின்னினேன் ஆர்டித்."

"நானும்" என்றாள் டெஸ்ஸா, மேஜையைப் பார்த்தபடி.

ஆர்டித் கையுறைகளைப் பார்த்தாள். மூன்றிலும் கட்டைவிரல் நீளமாக, ஒரே அளவாக நீட்டிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு மணி நேரம் பூதக்கண்ணாடி பிடித்தவள் கண்ணில் அது படவில்லை. புள்ளியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

மர்லிஸ் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சத்தம் போடவில்லை, கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டித், தான் எழுதியபடியே தான் பின்னிய ஜோடியை எடுத்துக் கையில் மாட்டினாள். கட்டைவிரல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு ராயிடம் நீட்டினாள்.

"இதப் போடு."

"இது பொம்பளைங்க சைசு."

"கட்டைவிரல மட்டும் விட்டுப் பாரு."

ராயின் கட்டைவிரல் மேல் கணுவிலேயே நின்றுவிட்டது. கீழே ஒரு அங்குலம் வெளியே தெரிந்தது. அவன் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"உனக்குக் கட்டைவிரல் குட்டைதான். எனக்கு நீ பின்னித் தர்றதுலயும் அப்படித்தான் இருக்கும். நான் மடக்கிப் போட்டுக்குவேன்."

"எத்தன வருஷமா?"

"நீ பின்ன ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

 ராய், விறகு எடுத்து வரவேண்டும் என்று சொல்லி வெளியே போனான். விறகுப் பெட்டி நிறைந்துதான் இருந்தது. ஆர்டித்துக்கு அவமானமாக இருந்தது. தன் வாய்க்குப் பயந்து புருஷன் விரலை மடக்கியிருக்கிறான், சிநேகிதி ஆறு வருஷம் ஒளித்துத் திருத்தியிருக்கிறாள். ஒளித்தார்கள் என்று தான் சந்தேகப்பட்டது சரி. எதை ஒளித்தார்கள் என்பதில்தான் கோட்டை விட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை மர்லிஸ் வீட்டுக்குப் போனாள். மர்லிஸ் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபி ஊற்றினாள். சர்க்கரை எத்தனை என்று கேட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. அது ஆர்டித்தைச் சுட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் மர்லிஸ்."

"ஆமா."

"கோவமா இருக்கியா?"

"கோவம் இருந்தா திட்டியிருப்பேன்." மர்லிஸ் ஒரு தடித்த ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆர்டித்தின் பேட்டர்ன்கள் அத்தனையும் அதில் தேதிவாரியாக இருந்தன. மேலே ஒரு சீட்டில் தளத்தின் கடவுச்சொல். "இனிமே நீயே டைப் பண்ணிக்கோ. லைப்ரரியில கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்கு. வேற யாரும் ஒரு எழுத்துகூடத் தொடலன்னு உனக்கும் நிம்மதியா இருக்கும்."

"வியாழக்கிழமை வருவல்ல?"

"பாக்கலாம்" என்றாள் மர்லிஸ். அந்தப் பக்கத்தில் அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே ஆர்டித் கேட்டாள். "இந்த நட்சத்திரக் கையுறைக்கு... கட்டைவிரலுக்கு மொத்தம் எத்தன வரிசை போட்ட?"

"பதினெட்டு. அதுக்கப்புறம் கண்ணியக் குறைக்கலாம்."

"பதினெட்டு" என்று ஆர்டித் திருப்பிச் சொன்னாள். மர்லிஸ் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

காரில் ஏறி, மறந்துவிடக் கூடாதென்று அந்த எண்ணை ஃபைலின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். சாவியைத் திருப்புவதற்குள் அந்த நினைப்பு வந்துவிட்டது. பதினெட்டுதானா? இருக்கிற ஆத்திரத்தில் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருந்தால்?

ஆர்டித் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். மர்லிஸ் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் யாரைப் பற்றியாவது அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும் என்றால் அது இதுதான். தெரிந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டோடு மேஜையில் உட்கார்ந்து, மர்லிஸ் பின்னிய கையுறையை எடுத்து, கட்டைவிரலின் வரிசைகளை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினெட்டு இருந்தது. அந்த ஜோடியின் இன்னொரு கையுறையையும் எடுத்து எண்ணினாள்.