யார் வேண்டுமானாலும் ஏற்றும் விளக்கு

கெரிட் முன்னறைத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது ஜன்னலோர மேசை விளக்கு தானாக எரிந்தது. சுட்டதுபோலக் கையை உதறிக்கொண்டு அவர் பின்வாங்கினார்.

"நான் எதையும் தொடலை, டினி."

"நீ தொடலைன்னு தெரியும். எவனோ தொட்டிருக்கான்" என்றாள் டினி. "எந்தத் தேசத்துக்காரனோ. காலையில போன மனுஷன், உடம்பு இன்னும் ஆறலை. அதுக்குள்ள வந்துட்டான்."

விளக்கு அணைந்தது. கெரிட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி எரிந்தது.

"மார்லூஸ்! அந்தச் சனியனைப் பிடுங்கி எறி."

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "அப்பாவோட பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பட்டும்மா. அப்புறம் எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விண்டர்ஸ்வைக் என்ற அந்த ஊர்ப் பக்கத்தில் சாவு விழுந்தால் பாதிரியாருக்கு முன்னால் அடுத்த வீட்டுக்காரர்தான் வருவார். திரையை மூடுவது, சாமான்களை ஒதுக்குவது, சவப்பெட்டி தூக்க ஆள் சேர்ப்பது எல்லாம் அவர் தலையில். கெரிட் அந்த அடுத்த வீட்டுக்காரர். அவர் மனைவி ரீகி அதற்குள் டினியின் சமையலறையைப் பிடித்துக்கொண்டு, காப்பிப் பாத்திரத்தையும் திராட்சை ரொட்டியையும் பரப்பிவிட்டாள். டினியால் தன் வீட்டிலேயே ஒரு கரண்டியைத் தொட முடியவில்லை. தொடப் போனால், "நீ போய் உட்காரு" என்று ரீகி விரட்டினாள்.

எங்கே உட்காருவது? ஜன்னலைப் பார்த்தபடி இருந்த அவளுடைய நாற்காலியை, பெட்டிக்கு இடம் வேண்டுமென்று கெரிட் நடைவழிக்கு நகர்த்திவிட்டார்.

அந்த விளக்கு உண்மையில் டினியுடையது. பச்சைக் கண்ணாடிக் கூண்டு போட்ட மேசை விளக்கு. கல்யாணத்துக்கு அவள் அத்தை கொடுத்தது. பால் பண்ணையில் மின்சார வேலை பார்த்த அவள் புருஷன் பெரெண்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஊரில் அப்போதுதான் ஒன்றிரண்டு வீடுகளுக்கு இணையம் வந்திருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்கப் பரணில் உட்கார்ந்து எதையெதையோ சுட்டு ஒட்டி, ஒரு சின்னப் பெட்டி செய்து, அந்த விளக்கைப் பரணிலிருந்த கணினியோடு கோத்துவிட்டார். இணையத்தில் ஒரு பக்கம். அதில் கேமரா வழியே விளக்கின் நேரடிப் படம். படத்துக்குக் கீழே ஒரே ஒரு பொத்தான். உலகத்தில் எவர் அதை அழுத்தினாலும் இங்கே விளக்கு எரியும். இன்னொருவர் அழுத்தினால் அணையும். அவ்வளவுதான். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால் பெரெண்ட் சிரிப்பார்.

முதல் தடவை அழுத்தியது கனடாவில் இருந்த அவருடைய அண்ணன். டினி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஒரே கூச்சல்.

"டினி! அண்ணன் ஏத்திட்டான்! கனடாவுல உட்கார்ந்துகிட்டு நம்ம விளக்கை ஏத்திட்டான்!"

"ஏன், உனக்குக் கை வலிக்குதா?" என்றாள் டினி.

பல வருஷம் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரிக்க வைத்தார் அந்த மனுஷன்.

பிறகு எங்கோ விசித்திரமான பக்கங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போடும் ஒருவன் கண்ணில் அது பட்டுவிட்டது. வந்தது வினை. ஒரு வாரம் விளக்குக்குப் பேய் பிடித்தது. தெருவில் போன கார்கள் நின்று பார்த்தன. உள்ளே யாராவது ஆபத்தில் இருந்து சைகை காட்டுகிறார்களோ என்று போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். பெரெண்ட் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, அவரையும் ஒரு தடவை அழுத்த வைத்து அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் மார்லூஸைப் பார்த்தால் பிள்ளைகள் கண்ணை மூடித் திறந்து கேலி செய்தார்கள். பல்புகள் பொசுக்குப் பொசுக்கென்று போயின.

அந்த மோகம் எல்லாம் அடங்கி, உலகம் வேறு வேடிக்கைகளுக்குப் போய்விட்டது. ஆனால் சிலர் மட்டும் விடவே இல்லை. பொத்தானுக்குக் கீழே அவர்கள் எழுத ஓர் இடமும் பெரெண்ட் சேர்த்திருந்தார். அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தார். சாயங்காலக் காப்பி நேரத்தில் தவறாமல் ஏற்றுபவர் காப்பிக்காரர். ஏற்றியதும் உடனே அணைப்பவர் கஞ்சர். விளக்கு எரிந்தால், "ஆள் வந்தாச்சு" என்பார், வாசலில் யாரோ மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு நிற்பதுபோல.

டினி ஜன்னலோர நாற்காலியில் பின்னல் போட்டுக்கொண்டிருப்பாள். பெரெண்டின் நாற்காலி அவளுக்குப் பின்னால், புத்தக அலமாரிக்குக் கீழே. அலமாரியின் மேல்தட்டில் விளக்கைப் பார்த்தபடி கேமரா. பெண்டாட்டியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு விளக்கைப் பார்க்கிற புருஷன் உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறான் என்று டினி ரீகியிடம் சொல்லியிருக்கிறாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் உள்ளே ஒரு கோபம் இருந்தது. முகம் தெரியாத ஆட்களிடம் அந்த மனுஷன் காட்டிய பிரியத்தில் பாதி தன் பக்கம் வந்திருக்கலாமே என்று பல சாயங்காலம் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டதில்லை. இதைப் போய் எப்படிக் கேட்பது?

அதனால்தான் இந்தச் சில நாட்களையாவது அவள் தனக்கென்று விரும்பினாள். அடக்கம் வரைக்கும் அவர் முன்னறையில் இருப்பார். இந்தத் தடவையாவது நடுவில் யாரும் வராமல் அவரோடு இருக்க வேண்டும்.

எங்கே விட்டார்கள்! மறுநாள் விளக்கு முன்னைவிட மோசமானது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்த பெரெண்டின் முகம் பச்சையாகி, வெளுத்து, பச்சையானது. துக்கம் கேட்க வந்த பால் பண்ணைக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்ப்பதா விளக்கைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

டினி கெரிட்டைத் தனியாகக் கூப்பிட்டாள். "மார்லூஸ் பார்க்காதப்போ அதைப் பிடுங்கிடு."

கெரிட் மேசைக்கடியில் குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒயரைப் பிடுங்கிவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு ரொட்டி சாப்பிடப் போனார். விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அறை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பதை டினி உணர்ந்தாள். பெட்டிக்கடியில் உடம்பைக் கெடாமல் வைத்தபடி ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்த குளிர்ப்பலகையின் சத்தம் காணோம்.

"கெரிட்! நீ எதைப் பிடுங்கினே?"

கெரிட் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. மறுபடி குனிந்து சொருகினார். எழுந்திருக்கும்போது மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார். ரீகி வாசலில் நின்று, "உன்னை நம்பி ஒரு பிணத்தைக்கூட ஒப்படைக்க முடியாது" என்றாள். டினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி, "பார்த்தியா பெரெண்ட்?" என்று சொல்லப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஒயர்களைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. விளக்கும் நிற்கவில்லை. அடக்கத்துக்கு முந்தைய நாள் பிற்பகல் டினியின் பொறுமை போய்விட்டது.

"என்னதான் வேணுமாம் இவங்களுக்கு? செத்த வீட்டுல என்ன விளையாட்டு இது?"

"விளையாடலைம்மா" என்றாள் மார்லூஸ். செல்போன் கையிலேயே இருந்தது. "பயந்து போயிருக்காங்க."

"யாரு?"

"விளக்கை ஏத்தி அணைக்கிறவங்கதான். திரையை மூடிட்டோம்ல? இத்தனை வருஷத்துல ஜன்னல் மூடியிருந்து இவங்க பார்த்ததே இல்லை. ஏன் மூடியிருக்குன்னு ஆளாளுக்கு எழுதிக் கேட்கிறாங்க. யாராவது பதில் சொல்லுவாங்களான்னு அழுத்தி அழுத்திப் பார்க்கிறாங்க."

திரை மூடியிருந்தால் சாவு என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கேயோ இருப்பவர்களுக்கு அது எப்படிப் புரிந்தது என்று டினிக்கு விளங்கவில்லை. "அப்போ எழுதிடு. அவர் போயிட்டாருன்னு எழுது. அதோட விட்டுடட்டும்."

மார்லூஸ் எழுதத் தொடங்கவில்லை.

"என்னடி?"

"அவங்களுக்கு அப்பாவைத் தெரியாதும்மா. அவரைப் பார்த்ததே இல்லையே. அவங்க கேட்கிறது உன்னை."

செல்போனை அவள் நீட்டினாள். டினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். திரை, மேசை, விளக்கு. முன்பக்கம் வெறும் தரை, ஓரத்தில் இன்னதென்று தெரியாத அளவுக்குப் பெட்டியின் ஒரு மூலை. மார்லூஸ் விரலால் தள்ளி வேறொரு படத்தைக் காட்டினாள். போன வருஷத்துப் படம். அதே விளக்கு. அதற்கு முன்னால் ஒரு நாற்காலியின் முதுகு, அதற்குமேல் ஒரு நரைத்த தலை, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு முழங்கை, பின்னல் ஊசியின் நுனி.

"இது யாரு?"

"யாரா? நீதான்."

"கேமராவுல விளக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னாரே!"

"பழைய கேமராவுல அப்படித்தான். அது கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினார்ல, அதுல உன் நாற்காலி வரைக்கும் தெரியும். சொன்னா நாற்காலியைத் தள்ளிப் போட்டுடுவேன்னு உன்கிட்ட சொல்லலை. என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டார்."

டினிக்குக் காதுமடல் வரைக்கும் சூடேறியது. "இத்தனை வருஷமா உலகம் பூரா என் பிடரியைப் பார்த்துக்கிட்டிருக்கா? பின்னால சீவக்கூட மாட்டேனே! கடவுளே, அந்தக் கிழிஞ்ச பச்சை ஸ்வெட்டர்..."

"அந்த ஸ்வெட்டரை எல்லாருக்கும் தெரியும்" என்றாள் மார்லூஸ். சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ அந்த நீலப் போர்வையைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டியே, அதுக்கு எத்தனை பேர் வருத்தப்பட்டாங்க தெரியுமா? இப்போ நாற்காலியும் இல்லை, நீயும் இல்லை. திரை வேற மூடியிருக்கு. பின்னல்கார அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னுதான் எல்லாரும் கேட்கிறாங்க."

டினி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நன்றாக நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டினால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் ஆள் இப்போது கைகளைக் கோத்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தார்.

"அவங்க கேட்டப்போ உங்கப்பா என்ன சொல்லுவார்? நான் யாருன்னு யாராவது கேட்டிருப்பாங்கள்ல?"

"கேட்டிருக்காங்க. வீட்டுக்காரி, விளக்கு அவளோடது, நான் இங்கே மின்சாரக்காரன்னு எழுதியிருந்தார்."

சமையலறையில் ரீகி கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. மின்சாரக்காரனாம். அவருடைய நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள், அங்கிருந்து ஜன்னலைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்தால் விளக்குக்கு முன்னால் தெரிந்திருப்பது அவள்தான். அந்த மனுஷன் மீது அவளுக்கு அப்படியொரு ஆசை பொங்கியது, வெட்கமாகக்கூட இருந்தது.

"கெரிட்டைக் கூப்பிடு."

கெரிட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். எதையும் தொடப் போவதில்லை என்பதுபோல.

"என் நாற்காலியைக் கொண்டுவந்து பழைய இடத்துல போடு."

"எங்கே போடறது? பெட்டி இருக்கே, டினி."

"அவர் கொஞ்சம் தள்ளிக்கட்டும்."

கெரிட் மார்லூஸைப் பார்த்தார். மார்லூஸ் தலையாட்டினாள். பெட்டி சக்கரம் வைத்த தாங்கியில் இருந்தது. ஒயர்களை இந்தத் தடவை மார்லூஸே பிடித்துக்கொள்ள, கெரிட் மெல்லச் சுவரோரமாக நகர்த்தினார். நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது, பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டினி அதற்குள் குளியலறைக்குப் போய்த் தலையைச் சீவிக்கொண்டு வந்தாள். பின்பக்கமும் சீவியிருந்தாள். பச்சை ஸ்வெட்டரையே போட்டிருந்தாள்.

"பெட்டி அதுல தெரியுதா?"

மார்லூஸ் செல்போனைப் பார்த்தாள். "இல்லை. அப்பா படத்துக்கு வெளியே இருக்கார்."

"சரி. அவர் போன சேதியை நீ எழுதிடு. பேர் போட்டே எழுது."

டினி உட்கார்ந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கு அணைந்திருந்தது, யாரோ கடைசியாக அப்படி விட்டுப் போயிருந்தார்கள். மார்லூஸ் எழுதி முடித்துச் செல்போனைக் கீழே வைத்தாள். ரீகி காப்பித் தட்டோடு வந்து வாசலிலேயே நின்றாள். கெரிட் வாயில் விரலை வைத்துக் காட்டினார். நால்வரும் அந்தப் பச்சைக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்கள். குளிர்ப்பலகை ரீங்கரித்தது.

விளக்கு எரிந்தது.

டினி திரும்பவில்லை. வலது கையைத் தலைக்குமேல் தூக்கி, பின்னாலிருந்த கேமராவுக்கு ஒரு தடவை ஆட்டிக் காட்டினாள். இடது கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.