முஃபீதா மைனியின் நோன்பு

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் என் அண்ணன் அனஸுக்குக் கல்யாணம். பத்தாம் நாள் துபாய்க்குப் போய்விட்டான். மேலப்பாளையத்து வீட்டில் நானும் அவன் பெண்டாட்டி முஃபீதா மைனியும் மட்டும். அன்றிலிருந்து நான் சமைத்ததில் ஒரு வாய்கூட அவள் சாப்பிடவில்லை. கேட்டால், பெருநாள் முடிந்த மாதத்தில் விரும்பினவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பு பிடிக்கிறாளாம். நோன்பில்லாத நாளில் வயிறு சரியில்லையாம்! பொழுதடையும்போது, மக்ரிபுக்குப் பக்கத்துத் தெருவில் அவள் உம்மா வீட்டுக்குப் போய் நோன்பு திறந்துவிட்டு வருவாள்.

எனக்குப் பிறவியிலேயே இரண்டு கையும் கிடையாது. என் உம்மா உயிரோடிருந்தபோது பழக்கிவிட்டபடி, கக்கூஸில் கழுவ இடது கால், சமைக்கவும் சாப்பிடவும் வலது கால். பலகையில் அடித்த ஆணியில் வெங்காயத்தைக் குத்திவைத்து, வலது கால் விரலிடுக்கில் கத்தியைப் பிடித்து அரிவேன். ஒரு நாளும் கால் மாற்றியதில்லை.

மைனியின் கண் என் பாதத்தை விட்டு நகராது. தனி அடுப்பு வைக்கத்தான் நாள் பார்க்கிறாள் என்று தோன்றியது. வைத்துவிட்டால், நான் சுத்தமில்லாதவள் என்று தெருவே பேசும். பிறகு நான் எப்படி வெளியே தலைகாட்டுவது?

வியாழக்கிழமை கஞ்சி காய்ச்சினேன். அடுப்படி வாசலில் நின்று பார்த்தவள், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்று தினமும் ஒரு கிண்ணத்தில் எடுத்துவைப்பேன், மறுநாள் அது கோழிக்குத்தான் போகும். இவள் எங்கே குடிக்கப்போகிறாள் என்று, அந்தக் கிண்ணத்தில் இடது கால் பெருவிரலை முக்கி எடுத்தேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியும் அவள் கிளம்பவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னையோட ஆறும் முடியுதுட்டி. இங்கனயே திறக்கேன்."

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். கஷாயம் குடிப்பவள் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். நான் எட்டி ஓர் உதை விட்டேன். கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"குடிக்காதிய மைனி. கழுவுற கால அதுல முக்கிட்டேன். நீங்க குடிக்க மாட்டியன்னு நெனச்சு செஞ்சிட்டேன்."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. முகத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கழுவுற காலா? அப்ப சமைக்கிறது வேற காலா?"

"வலது காலு."

"எந்நாளுமா?"

"எந்நாளும்."

மைனி தலையில் கைவைத்துக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்லப்படாதா? கேக்கக் கூசிக்கிட்டு ரெண்டு வாரமா அரைப்பட்டினி கெடக்கேன். பானையில மிச்சம் இருக்குல்லா? ஊத்து."

வேறு கிண்ணத்தில் ஊற்றினேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டுதான் குடித்தாள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிண்ணம் காலியாகும்வரை, உண்மையிலேயே விழுங்குகிறாளா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.