எல்லார் கண்ணுக்கும் தெரிந்த வரைபடம்

பம்புத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்ப்பது அவள் வேலை. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் எல்லாரும் அவளை 'மைக்ரோமீட்டர்' என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் பொழுதுபோக்கும் ஏறக்குறைய அதுதான்: உள்ளங்கையில் அடங்கும் பம்பு, எஞ்சின் மாதிரிகள் செய்வாள். பிளாஸ்டிக் தகட்டை அறுத்து ஒட்டிக்கொண்டிருந்தவள், சின்னதாக ஒரு முப்பரிமாண பிரிண்டர் வாங்கியதும் கணினியில் வரைய வேண்டியதாயிற்று.

எந்த மென்பொருள் என்பதில்தான் இழுபறி. கணவனின் தம்பி மூன்றைக் காட்டினான். முதலாவதில் உருவத்தைக் களிமண் மாதிரி இழுத்து வளைக்கலாம். ஆனால் அளவு நிற்காது. அவளுக்கு அது ஒத்துவராது. இரண்டாவது சொந்தக் கணினிக்குள்ளேயே இருப்பது. அதில் ஓர் அளவை மாற்றினால் மொத்த உருவமும் சிவப்பாகிப் பிழை காட்டியது. இரண்டு வாரம் அதனோடு மல்லுக்கட்டினாள். மூன்றாவது இணையத்தில் ஓடுவது. தொட்டதெல்லாம் சொன்னபடி கேட்டது.

"இதையே வச்சுக்கங்க அண்ணி. வீட்ல பண்றவங்களுக்கு இலவசம்" என்றான்.

நிபந்தனைகள் பத்துப் பக்கத்துக்கு ஓடின. இருவருமே படிக்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்தினார்கள்.

நாலு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இணையத்திலிருந்து அச்செடுத்த ஒரு காகிதம்; அதில் அவள் போன மாதம் வரைந்த பம்பு. தொழிற்சாலை இன்னும் வெளியே விடாத புதுப் பம்பு அது. தினமும் அவள் கையில் புரண்ட பொருள். உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரத்தின் அழகைப் பார்த்து ஆசைப்பட்டு மாதிரி செய்தாள், அவ்வளவுதான்.

தன் சொந்தக் கணக்கில் இருப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது என்றாள். மேலாளர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இலவசக் கணக்குல வரையறதெல்லாம் பொதுவுலதான் இருக்குமாம். யார் வேணா எடுத்துக்கலாம். இதுவரைக்கும் மூணு பேர் எடுத்திருக்காங்க."

அவள் மேலாளரின் கணினியிலேயே தன் கணக்கைத் திறந்தாள்.

எந்தெந்த அளவு வெளியே போயிருக்கிறது என்று பார்க்க, அந்தப் பம்பை வடிவமைத்தவர் தன் கோப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் திரையைப் பார்த்து ஒவ்வோர் அளவாகச் சொல்ல, மாதிரி அசலில் கால்பங்கு என்பதால் அவர் அதை நாலால் பெருக்கிக் கோப்போடு ஒப்பிட்டார். மெல்லிய இறக்கைகள் பிரிண்டரில் உடைந்ததால் அவற்றைத் தடிப்பாக்கியிருந்தாள். நடுத்துளையைக் கையிலிருந்த கம்பிக்கு ஏற்றபடி வைத்திருந்தாள். தப்பு, தப்பு என்று அவர் குறித்துக்கொண்டே போனார். இத்தனை வருஷமும் அளவு சரியாக வரவேண்டும் என்று பார்த்தவள், அடுத்ததும் தப்பாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

"இறக்கையோட சாய்வுக் கோணம்?" என்றார் கடைசியில்.

எத்தனை சிறிதாக்கினாலும் கோணம் மாறாது. அவளுக்கு அது தெரியும். எண்ணைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷம் சோதிச்சுக் கண்டுபிடிச்சது அது" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அவளே தன் கையால் வரைபடத்தை அழித்தாள். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை மேலாளர் நம்பினார். ஆனாலும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம், அதன்பிறகு பழைய பம்புப் பிரிவில்தான் வேலை என்றார். எடுத்த மூவருக்கும் கடிதம் போயிற்று. இரண்டு பேர் அழித்துவிட்டதாக எழுதினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுக் கொழுந்தன் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான். எல்லாம் தன்னால் வந்தது என்றான். அவள் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டாவது மென்பொருளின் நிபந்தனைகளைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"படிங்க தம்பி. ஒரு வரி விடாம, சத்தமா."

முக்கால் மணி நேரம் படித்தான். புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்தித் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு வரைய உட்கார்ந்தாள். மூன்று நாள் சிவப்பாகவே வந்தது. நாலாம் நாள் சொந்த அலமாரியின் கீல் ஒன்று பிழையில்லாமல் உருவானது. இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கோப்பை மூடித் திறந்து பார்த்தாள். கீல் அப்படியே இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று வடிவமைப்பாளரை நடைவழியில் பார்த்தாள். மூன்றாவது ஆளிடமிருந்து பதில் வந்ததா என்று மெல்லக் கேட்டாள். இல்லை என்று தலையசைத்துவிட்டு அவர் கடந்து போனார்.