தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய்தான் எதிரி. கோபம் வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து மருகுகிற ரகம். தங்கை பார்த்த பெண்ணை வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாள். "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று கத்திவிட்டான். அவளும் பண்ணவில்லை.

அதன்பின் அவனோடு பேசியவர்கள் பெரும்பாலும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள்தான். அலாரத்தை அழுத்தினால் அவன் போன் அடிக்கும். "பயப்படாதீங்க, லைன்லயே இருங்க, வந்துட்டே இருக்கேன்" என்பான். கதவு திறந்ததும் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் செல்போன் விளையாட்டு ஒன்றில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். சண்டைக்குப் பிறகு ஒருநாள் திறந்து பார்த்தால், வாடியிருக்க வேண்டிய அவன் தக்காளிச் செடிகள் நனைந்து பளபளவென்று நின்றன. தங்கச்சி வேலைதான்! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கோபம் போய்விட்டது, வாய்விட்டுச் சொல்லத்தான் வீம்பு என்று முடிவுகட்டினான். பதிலுக்குத் தன் தோட்டத்திலிருந்தே அவள் தோட்டத்து வாசலுக்குத் தினமும் ஒரு பூ அனுப்பினான். மாதக்கணக்கில் இப்படியே போனது. சமாதானம் ஆகிவிட்டதே, போன் எதற்கு?

டீ குடிக்கும்போது லிஃப்ட் கம்பெனி கன்ட்ரோல் ரூம் அக்காவிடம் இதைப் பெருமையடித்தான். அந்த அக்காவும் அதே விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"அட நீ வேற! வாடப்போற செடிக்கு இப்பல்லாம் கேமே தண்ணி ஊத்துதுப்பா. எனக்கும்தான் ஊத்துது, எனக்கு எந்தத் தங்கச்சி இருக்கா?"

தங்கையின் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தான். அவன் அனுப்பிய பூவெல்லாம் வாசலிலேயே குவிந்து கிடந்தது. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. இத்தனை நாளும் சுவரோடு பேசியிருக்கிறான்.

லிஃப்ட் மெஷின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அண்ணா! பண்ணாதன்னு நீதானே சொன்ன? நீயா பண்ணுவேன்னு போனையே பாத்துட்டு இருந்தேன். ஏண்ணா பண்ணல?"

பேச வாயெடுத்தான். அந்த நீள வாயிலிருந்து அழுகைதான் வந்தது.

"அண்ணா, அழுறியா? எங்க இருக்க? லைன்லயே இரு, வைக்காத. நான் வந்துட்டே இருக்கேன்."